பெர்செபனி தின்ற மாதுளை முத்து எத்தனை?

கேள்வி: கிரேக்கப் புராணத்தில் பாதாள அரசன் ஹேடிஸ் தூக்கிப்போன பெர்செபனி அங்கே தின்ற மாதுளை முத்து ஓரிடத்தில் நாலு, இன்னோரிடத்தில் ஆறு. முத்துக்கு ஒரு மாதம் பாதாளம் என்கிறார்கள். எது சரி?

பதில் 1: ஹோமர் பெயரில் வழங்கும், அவள் அம்மா டெமிட்டர் தேவியைப் பற்றிய துதியில் ஒன்றே ஒன்றுதான், ஆனாலும் ஆண்டில் மூன்றிலொரு பங்கு கீழே. ரோமக் கவிஞர் ஓவிட் ‘மெட்டமார்ஃபசிஸ்’ நூலில் 7 என்கிறார், ஆனால் பாதி ஆண்டு. அதே ஆள் ‘ஃபாஸ்டி’யில் 3 என்கிறார்! அந்தக் கணக்கு எதிலும் உதைக்கிறது.

பதில் 2: எண்ணிக்கையை விடுங்கள், யார் கை என்று பாருங்க. துதியில் ஹேடிஸ் நைசாகக் கொடுக்கிறான். வற்புறுத்தினான் என்று அம்மாவிடம் சொல்கிறாள். ‘மெட்டமார்ஃபசிஸி’ல் தோட்டத்தில் அவளே பறித்துத் தின்கிறாள். அதைப் பார்த்துப் போட்டுக்கொடுத்த அஸ்கலாஃபஸ் ஆந்தையாகிறான்.

கேட்டவர்: அப்போ ஒரு முத்தே போதுமா?

பதில் 2: போதும். மேலே திரும்பி வர, பாதாளத்தில் வாயில் எதுவும் படக்கூடாது, அதுதான் நிபந்தனை.