7 பேர்ச்சஸ் காணியும் தவணைப் பணமும்: தோட்டத்தில் வீடு கட்டியவர்களின் அனுபவங்கள்

இலங்கை மலையகத்தின் நோர்வூட் பகுதியிலிருந்து ஓர் உறுப்பினர்:

தோட்டத் தொழிலாளரின் வரிசை அறைக் குடியிருப்பான லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போனவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும்படி கேட்டிருந்தீர்கள். என் அம்மாவின் பெயரில் ஒரு மானிய வீட்டைக் கட்டி முடிக்க எங்களுக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன. பயனாளியே வீட்டைக் கட்ட வேண்டும், வேலை ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பணம் தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும் என்பதுதான் ஏற்பாடு. இது நல்ல முறை என்றே இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் சுவரில் எத்தனை சீமெந்து மூட்டை சேர்ந்தது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அத்திவாரத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை வரும் என்றால், அத்திவாரத்தை முடிக்கும் பணத்துக்கு நாட்சம்பளக்காரர் எங்கே போவது? அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது.

வீட்டின் செலவு மதிப்பீட்டில் மணலின் விலை இருந்தது. மணலை மேலே ஏற்றும் கூலி இல்லை. லொறி பாதையோரத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து எங்கள் 7 பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) காணி வரை தேயிலை மலையில் ஒற்றையடிப் பாதைதான். மாலையில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த அம்மா, உரப்பையில் பாதியளவு மணலைக் கட்டி, கூடைக் கயிற்றையே தலையில் மாட்டிக்கொண்டு இருட்டும் வரை ஏறி இறங்குவார். ஒருநாள் மூடாமல் விட்ட குவியலில் பாதியை இரவு மழை வடிகால் கானில் அடித்துக்கொண்டு போனது. விடிந்ததும் கானுக்குள் இறங்கி, அம்மா அதைக் கையாலேயே அள்ளினார்.

இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வடக்கு, கிழக்குக்கும் 4,000 மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. சமதரையில் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவும் மலைச்சரிவில் ஆகும் செலவும் ஒன்றல்ல என்பதை நிதி ஒதுக்குபவர்கள் இந்தப் பாதையில் ஒருமுறை நடந்தால் அறிந்துகொள்வார்கள்.

பதுளையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் வீடு சுவர் மட்டத்தில் இருந்தபோது 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. சீமெந்தும் கம்பியும் தகரமும் விலையேறின. ஒப்புக்கொண்ட தொகை ஏறவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் கூரையில்லாத சுவர்கள் நனைந்துகொண்டிருக்க, நாங்கள் லயத்தில் எங்கள் பழைய அறையான காம்பராவிலேயே இருந்தோம்.

கொஸ்லந்தையிலிருந்து ஓர் உறுப்பினர்:

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு, எங்கள் பக்கத்தில் வீடு என்றால் முதற்கேள்வி காணியைப் பற்றியதுதான். எனக்குக் காட்டிய முதல் இடம் மண்சரிவு அபாயமுள்ளது என்று பரிசோதனையில் தெரிந்ததால், மாற்றிடத்துக்காக நீண்ட காலம் காத்திருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. காணி உறுதிப்பத்திரம் இன்னும் கைக்கு வராததுதான் மனதை அரிக்கிறது, ஏனென்றால் அது இல்லாமல் மகனின் படிப்புக்காக இந்த வீட்டை ஈடாக வைத்துக் கடன் கேட்க முடியாது.

நோர்வூட் உறுப்பினர் மீண்டும்:

2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அத்திட்டத்தில் பெயர் பதிந்தவர்கள் இங்கே இருந்தால், பொருள் ஏற்றும் கூலியை மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறார்களா என்று தயவுசெய்து எழுதுங்கள். எங்கள் தோட்ட டிவிஷனில் இன்னும் பதினொரு குடும்பங்கள் லயத்தில் இருக்கின்றன.