புதுப்பிப்பு: செவ்வாய்ப்பேட்டை வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டை விற்பதா வேண்டாமா என்று அண்ணன், தங்கை, நான் மூவரும் முகம் பார்க்காமல் இருந்ததை முன்பு எழுதியிருந்தேன். தீர்ந்துவிட்டது.

சிக்கலின் வேர், "சீர் செய்தாயிற்று, அவளுக்கு என்ன பங்கு?" என்ற அண்ணனின் பேச்சு. வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார்: அப்பாவின் சுய சம்பாத்தியம், உயில் இல்லை, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் தலா கால் பங்கு. சீர் செய்ததால் தங்கையின் பங்கு போய்விடாது. அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எங்களில் ஒருவர்கூட அதுவரை நினைக்கவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

"நான் இருக்கும்வரை இந்தத் திண்ணையை விட்டு வரமாட்டேன்" என்றார் அம்மா. அதன்பின் விற்பனைப் பேச்சே எழவில்லை. வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று எடுத்தோம். மதிப்பீட்டாளர் சொன்ன விலைப்படி எங்கள் இருவரின் பங்குக்கு அண்ணன் பணம் கொடுத்தார். நாங்கள் எங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். அம்மாவின் கால் பங்கு அவருடையதாகவே இருக்கிறது. அதில் மட்டும் நான் இறங்கி வரவே இல்லை. பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

வெளியே வந்ததும் அண்ணன் தங்கையிடம், "ஆடிப் பண்டிகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, பாப்பா" என்றார். இரண்டு வருடங்களில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.