ஐடி பட்டியல் ஒரு பக்கம், முதலாளி கணக்கு ஒரு பக்கம்: வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில ஐடி பாக்குறேன். அடுத்த வருஷத்துக்கு என்ன வாங்கணும்னு பட்டியல் போட்டேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதால 40 கம்ப்யூட்டர் மாத்தணும், அப்புறம் சர்வர், பயர்வால். முதலாளி பார்த்துட்டு, "இதால ஷிப்மெண்ட் எத்தனை நாள் முன்னாடி போகும்?"னு கேட்டார். பதில் இல்லை.

அவர் கணக்கே வேற. ஐரோப்பா பையருக்கு நூல்ல இருந்து பேக்கிங் வரைக்கும் எந்த லாட் (ஒண்ணா ஓட்டுற சரக்குத் தொகுதி) எங்க போச்சுன்னு காட்டணுமாம். எங்க நிலைமை? நிட்டிங் எக்செல்ல, சாயத்துக்குப் போற டிசி (டெலிவரி சலான், சரக்கோட அனுப்புற சீட்டு) கார்பன் தாள்ல, கணக்கு டேலியில. சாயப்பட்டறைக்குப் போற லாட், திரும்பும்போது வேற நம்பரோட வருது! இதைக் கவனிக்காம சர்வர் கேட்டது என் தப்புதான்.

தொழில் திட்டமும் ஐடி திட்டமும் ஒத்துப்போகணும்னு ஹெண்டர்சன், வெங்கட்ராமன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1993ல சொன்ன மாடலும் படிச்சேன். நாலு கட்டமும் அழகா இருக்கு, திங்கட்கிழமை காலையில என்ன செய்யறதுன்னு தெரியல.

நீங்க பட்ஜெட்டை யாரோட உக்காந்து போடுறீங்க? மெர்ச்சண்டைசர் (பையர் ஆர்டரைப் பாத்துக்கிறவர்), புரொடக்‌ஷன் மேனேஜரைக் கூப்பிடுவீங்களா? ஈஆர்பி (எல்லாப் பிரிவு கணக்கையும் ஒண்ணா வைக்கிற சாப்ட்வேர்) போடுறதுக்கு முன்னாடி லாட் நம்பரை மட்டும் சரிபண்ணவங்க யாராவது இருந்தா, சாயப்பட்டறைக்காரங்களை எப்படி வழிக்குக் கொண்டு வந்தீங்கன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை மறுபடி மீட்டிங் இருக்கு.