தூறலா, சாரலா? ஹைக்கூ எழுதப் பழகியதில் எனக்கு நேர்ந்தது

அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் ஆகிறது. இடப்பக்கமாகத்தான் படுக்க முடிகிறது, ஜன்னலோ வலப்பக்கம். கட்டிலைத் திருப்பிப் போட்டால் கதவு இடிக்கும். அதனால் வெளியே என்ன நடந்தாலும் அவருக்குச் சத்தம் மட்டும்தான். மழை என்றால் போதும், கேட்க ஆரம்பித்துவிடுவார். "மழையா?" "ஆமாம்ப்பா." ஐந்து நிமிடம் போகும். "நின்னுடுச்சா?" "இல்லப்பா." கொஞ்ச நேரத்தில் மறுபடியும். நான் மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், ஜன்னல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஆறாவதோ ஏழாவதோ முறை கேட்டபோது, "எத்தனை தடவைப்பா கேப்பீங்க?" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்கக் கேட்கவில்லை.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது என்னவென்றால், அந்தக் காலத்திலேயே நான் ஹைக்கூ எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் ஒன்று என்று நோட்டுப் போட்டு எழுதினேன். அதே மழையைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்: "வானம் அழுகிறது / என் மனம் போல / யாரும் துடைக்கவில்லை". மூன்று வரி இருக்கிறது, மழைத்துளி ஒன்றுகூட இல்லை. வெளியே எட்டிப் பார்க்காமலே எழுதிவிட முடிகிற வரிகள் அவை.

சில வாரம் கழித்து ஜப்பானியக் கவிஞர் மசாவோக்கா ஷிகி பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1867இல் பிறந்து 1902இல் இறந்தவர், முப்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. ஹொக்கு என்று தொடர்கவிதையின் முதல் பாட்டாக இருந்ததைத் தனிக் கவிதையாக நிறுத்தி, ஹைக்கூ என்ற பெயரை நிலைக்க வைத்தவர் அவர்தான். முதுகெலும்புக் காசநோய். கடைசி வருடங்களெல்லாம் படுக்கையில்தான், தாயும் தங்கையும் பார்த்துக்கொண்டார்கள். 1896இல், நோயோடு படுத்திருந்தபோது பனிப்பொழிவு பற்றி எழுதிய சில கவிதைகளில் ஒன்று ஏறக்குறைய இப்படி வரும்:

எத்தனை முறைதான்
கேட்டுவிட்டேன், பனி
எவ்வளவு ஆழமென்று

காகிதக் கதவு, வெளியே தெரியாது. எழுந்து பார்க்கவும் முடியாது. கேட்பது ஒன்றுதான் அவருக்குப் பார்வை. நான் அப்பாவிடம் வீசிய அதே "எத்தனை தடவை", இங்கே கேட்கிறவர் வாயிலிருந்து வருகிறது. நோட்டை மூடி வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு மழை இல்லை, வெயில்தான். "வெயில் கட்டிலுக்கு எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன்.

அடுத்த மழைக்கு நானே போய்ச் சொன்னேன். "மழை வருதுப்பா." அவர் விடவில்லை. "எப்படி வருது?" "லேசா." "தூறலா, சாரலா?" எனக்கு வித்தியாசம் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஜன்னலில் நின்று பார்த்தால் தெரிகிறது, தூறல் நேராக இறங்குகிறது, காற்று வந்தால் அதுவே சாய்ந்து, ஜன்னல் கட்டையின் உள்பக்கத்தை நனைக்கிறது. "நேராத்தான் இருந்துச்சு, இப்ப சாயுது" என்றேன். "ம்" என்றார். அந்த "ம்" கிடைக்க நான் இரண்டு நிமிடம் வேறு எதையும் நினைக்காமல் நின்றிருந்தேன். தியானம் என்று உட்கார்ந்தபோதெல்லாம் இருபது நொடிகூட எனக்குத் தாங்கியதில்லை.

அப்புறம் ஒருநாள், "கொடிக்கம்பியில சொட்டு நிக்குதா?" என்றார். நின்றன, வரிசையாக. கம்பி நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. ஓரத்தில் இருக்கிற துளி அசைவது போலவே இருக்காது, ஆனால் நகர்கிறது. நடுப்பக்கமாக மெல்ல வந்து, நின்று, அடுத்த துளியைத் தொட்டதும் இரண்டும் சட்டென்று ஒன்றாகி, கனம் தாங்காமல் கீழே நீண்டு, அறுந்து விழுகிறது. விழுந்த இடத்தில் கம்பியில் சின்னதாக ஒரு மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த துளிக்கு அதுதான் விதை. இதை அப்பாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது வரி தானாக இருந்தது:

கம்பியில் இரு துளிகள்
நகர்ந்து நகர்ந்து
விழுவது ஒன்று

பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் நோட்டில் நான் நிஜமாகப் பார்த்து எழுதிய முதல் வரி அதுதான். ஷிகி இதைத்தான் ஓவியர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார், ஷசெய் என்பார்கள், கண்முன் இருப்பதை அப்படியே கோட்டோவியமாக எடுப்பது. அவருக்கு இருநூறு வருடம் முன்னால் வாழ்ந்த கவிஞர் பாஷோ தன் சீடர்களிடம் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு, பைன் மரத்தைப் பற்றிப் பைன் மரத்திடமே கற்றுக்கொள், மூங்கிலைப் பற்றி மூங்கிலிடம் என்று. இதைப் பல வருடம் முன்பே படித்து அடிக்கோடு போட்டிருக்கிறேன், ஆனால் புரிந்தது அப்பா கேட்ட கேள்வியில்தான்.

இப்போது எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எழுதும்போது "போல" வந்தால் நிறுத்திவிடுவேன், ஏனென்றால் அந்த இடத்தில் கண் பொருளைவிட்டு எனக்குள் திரும்பிவிட்டது என்று அர்த்தம், அதை இத்தனை நாளில் நன்றாகவே தெரிந்துகொண்டேன். திரும்பவும் போய்ப் பார்ப்பேன். மூன்றாவது வரியில் ஏதாவது தத்துவம் எட்டிப்பார்த்தாலும் அதே கதைதான். உங்களுக்கெல்லாம் இது எப்படி நடந்தது, எழுத ஆரம்பித்த பிறகு பார்ப்பதில் ஏதாவது மாறியதா, சொல்லுங்கள்.

*

அக்கா, நான் இரவுப் பணி நர்ஸ். உங்கள் கொடிக்கம்பித் துளியை நான் தினமும் வேறு விதமாகப் பார்க்கிறேன், ட்ரிப்ஸ் பாட்டிலுக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்னக் குழாயில். பம்ப் இல்லாத வார்டில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கடிகாரத்தை வைத்து எண்ணித்தான் வேகத்தைச் சரிபண்ண வேண்டும். வருடக்கணக்கில் எண்ணியிருக்கிறேன், எண் மட்டும்தான் கண்ணில் பட்டது. ஹைக்கூ எழுத ஆரம்பித்த பிறகு ஒருநாள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே குழாயில் நோயாளியின் முகம் தெரிகிறது என்று கவனித்தேன். கண் திறந்திருந்தது. அதுவரை தூங்குகிறார் என்றே நினைத்திருந்தேன். "தூக்கம் வரலையா" என்று கேட்டேன், பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறார், பத்து நிமிடம் பேசினார். குறிப்பேட்டில் அதற்கு முன்னால் நான் தூங்குகிறார் என்று எழுதியிருந்தேன், அதை அடித்துத் திருத்தினேன்.

எனக்குப் பிடித்தது பாஷோவின் பழங்குளம்தான், பழைய குளம், தவளை குதிக்கிறது, நீரின் சத்தம் என்று வருமே, 1686இல் எழுதியது. அதற்கு முன்னால் ஜப்பானியக் கவிதையில் தவளை வந்தால் அது கத்தும், அதன் குரலுக்குத்தான் மரியாதை. பாஷோ தவளை குதித்த நீர்ச்சத்தத்தைக் கேட்டார். எல்லோரும் எதைக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களோ அதை விட்டுவிட்டு, அங்கே கேட்டதைக் கேட்டிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டு வார்டில் ஒரு இரவு உட்கார்ந்திருந்தபோது வந்தது இது:

இருமல் நின்றதும்
கேட்கத் தொடங்குகிறது
சுவர்க் கடிகாரம்

*

எனக்கு உணர்வு வழியாக வரவில்லை, கணக்கு வழியாகத்தான் வந்தது. ஹைக்கூவின் மூன்று வரிக்கும் 5-7-5 என்று ஒரு எண்ணிக்கை சொல்வார்கள், தமிழில் எதை எண்ணுவது? எழுத்தா, அசையா, சீரா? இதில் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். அசை எண்ணிப் பார்த்தால் சொல் நீண்டு தொங்குகிறது. பிறகுதான் தெரிந்தது, ஜப்பானியர் எண்ணுவது ஒலியின் நீளத்தை, நம் மாத்திரைக்கு மிக நெருக்கமான ஒன்று. டோக்கியோ என்ற பெயரை அவர்கள் நான்காக எண்ணுவார்கள், டோ இரண்டு, க்யோ இரண்டு, நம் நெடிலுக்கு இரண்டு மாத்திரை வருகிற அதே கணக்கு. (மெய் விஷயத்தில் மட்டும் வேறுபாடு, நமக்கு அரை மாத்திரை, அவர்கள் ன் ஒலிக்கு முழுதாக ஒன்று கொடுக்கிறார்கள்.)

அப்படித் தேடிப்போனபோதுதான் பள்ளியில் மனப்பாடம் செய்த தொல்காப்பிய வரி மறுபடி கண்ணில் பட்டது: "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை, நுண்ணிதின் உணர்ந்தோர் கண்ட ஆறே." கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம். மதிப்பெண்ணுக்குப் படித்ததால் இரண்டாம் பாதியைக் கவனித்ததே இல்லை. நுண்ணிதின் உணர்ந்தோர். ஒருவன் உட்கார்ந்து ஒரு குறிலின் நீளத்தைத் தன் இமையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். அவ்வளவு அருகில் போய்க் கேட்டிருக்கிறான். பதினேழு இமைப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு மூச்சுக்குள் சொல்லிவிடலாம், எனக்கு அது போதும் என்று தோன்றிவிட்டது, எண்ணுவதை விட்டுவிட்டேன். இப்போது வரியை ஒரே மூச்சில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன், திணறினால் எங்கேயோ நான் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்.

பருவச் சொல்லும் அப்படித்தான். கிகோ என்று அவர்கள் தொகுத்து வைத்திருக்கிற அகராதிகளில் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர், அதோடு புத்தாண்டும் தனிப் பகுதி. நமக்குக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது இருக்கிறது, பனியையே முன், பின் என்று பிரித்திருக்கிறார்கள். முன்பனி மாலையில் விழுவது, பின்பனி விடியற்காலையில் விழுவது என்று உரைக்காரர்கள் விளக்குவார்கள். இன்று காலை நடந்தபோது செருப்பு நனைந்தது, எந்தப் பனி என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

*

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள், எனக்கு நடந்தது வேறு. எழுத ஆரம்பித்து ஒரு வருடத்தில் எதைப் பார்த்தாலும் வரியாக்கும் வியாதி வந்துவிட்டது. பூனை வந்தால் வரி, பஸ் வந்தால் வரி. என் மகளுக்குப் பல் ஆடிக்கொண்டிருந்த நேரம், அவள் ஓடி வந்து "அப்பா பாருங்க" என்று வாயைத் திறந்து நாக்கால் தள்ளிக் காட்டினாள். நான் "ஒரு நிமிஷம்மா" என்று போனை எடுத்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், அவளைப் பற்றித்தான். நிமிர்ந்து பார்த்தபோது அவள் இல்லை, அடுப்படியில் அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். கவனமாக வாழத்தான் இதைத் தொடங்கினேன், ஆனால் நடந்தது திருட்டு. அவள் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவளை விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் எழுதவில்லை. இப்போது ஒரே ஒரு விதி, நடக்கும்போது எழுதுவதில்லை. இரவு படுக்கும் முன் என்ன தங்கியிருக்கிறதோ அது மட்டும். தங்காமல் போனது போகட்டும். பல் விழுந்து புதுப் பல்லே முளைத்துவிட்டது, ஆனால் இது தங்கியிருந்தது:

ஆடும் பல்லை
நாவால் தள்ளிக் காட்டுகிறாள்
பேச்சின் நடுவே

*

சின்னதாக ஒன்று. ஜப்பானியக் கவிஞர் இஸ்ஸாவின் ஈக் கவிதை தெரியும்தானே, அடிக்காதே, ஈ கையைத் தேய்க்கிறது, காலைத் தேய்க்கிறது என்று. அதைப் படித்த பிறகு ஒரு ஈயை அருகில் வைத்துப் பார்த்தேன், நிஜமாகவே முன்னங்கால்களைத் தேய்த்து முடித்த பிறகு பின்னங்கால்களுக்குப் போகிறது. மட்டை கையில்தான் இருந்தது. கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு மட்டும்தான், மறுநாள் அடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அடிக்கும் முன் பார்த்தேன்.

*

எல்லோருக்கும் நன்றி. மகளின் பல் பற்றி எழுதியவருக்கு: நீங்கள் சொன்ன தவறை நானும் அப்பாவிடம் செய்யத் தொடங்கியிருந்தேன். அவர் கேள்வி கேட்டால் "இதில் ஏதாவது கிடைக்குமா" என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் விதியை நானும் எடுத்துக்கொள்கிறேன், பகலில் நோட்டு அந்த அறைக்குள் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று மத்தியானம் நல்ல மழை, நான் வழக்கம் போல ஜன்னலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன், இடையில் ஒரு போன் வந்ததால் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "இன்னும் பெய்யுதுப்பா" என்றேன், பழைய பழக்கம், பார்க்காமலே. அப்பா கண்ணை மூடியபடி, "இல்ல, மழை விட்டாச்சு. இது மரத்துலேருந்து" என்றார். "சொட்டு பெருசா இருக்கு பாரு, விட்டு விட்டு விழுது."

போய்ப் பார்த்தேன். வானம் வெளுத்திருந்தது. கொடிக்கம்பியில் துளிகள் அசையாமல் நின்றன, மரத்தடியில் மட்டும் மண் குதித்துக்கொண்டிருந்தது.