மானாவாரி நெல் விதை ஒரு கைப்பிடி வேண்டும்

அண்ணன், அக்கா, ஐயா எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் தாவர மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி மாணவி நான். நெல்வேர் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதுதான் என் வேலை.

2013ல் டி.ஆர்.ஓ.1 என்ற மரபணுவைப் பற்றிய ஆய்வு வந்தது. அது வேர் இறங்கும் கோணத்தைத் தீர்மானிக்கிறது. நம் ஊர்களிலும் பயிராகிற ஐ.ஆர்.64 ரகத்தில் அந்த மரபணுவில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து விடுபட்டிருக்கிறது, அதனால் வேர் மேலாகவே படர்கிறது. பிலிப்பைன்ஸ் மேட்டுநில ரகத்திலிருந்து எழுத்து விடுபடாத அந்த மரபணுவை கலப்பினச் சேர்க்கை மூலம் ஐ.ஆர்.64க்குக் கொண்டுவந்தபோது வேர் ஆழமாக இறங்கி, வறட்சியிலும் நல்ல விளைச்சல் கிடைத்தது.

நம்ம பாரம்பரிய நெல் ரகங்களான குழியடிச்சானிலும் சித்திரைக்காரிலும் அந்த மரபணு எப்படி இருக்கிறது? இதைத்தான் பார்க்க ஆசைப்படுகிறேன். போன முறை கடையில் வாங்கிய விதை கலப்படம். ஒரே பையில் உமி உரித்தால் ஒன்று சிவப்பு, அடுத்தது வெள்ளை. மூன்று மாத உழைப்பு போயிற்று, அழுகையே வந்துவிட்டது.

திருமங்கலம், உசிலம்பட்டி, மானாமதுரை, முதுகுளத்தூர் பக்கம் தாத்தா காலத்திலிருந்து சொந்த விதை கட்டி வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஒரு கைப்பிடி போதும். எந்த ஊர், எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள், கண்மாய்ப் பாசனமா வானம் பார்த்த பூமியா என்பதும் வேண்டும். விதையில் எந்த மரபணுவையும் மாற்றப் போவதில்லை. முளைத்த இலையில் டி.என்.ஏ. எடுத்துப் படிப்பது மட்டும்தான். என்ன தெரிந்தாலும் விதை தந்தவருக்கே முதலில் வந்து சொல்வேன்.

ஆடி முடிவதற்குள் கிடைத்தால் புரட்டாசி விதைப்பில் சேர்த்துவிடலாம். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.