பெரிய சண்டைக்கார மீன்களோடு பாசி தின்னும் மீன்கள்: வளர்த்தவர்களின் அனுபவங்கள்

பதிவு 1

ஆஸ்கர் வளர்ப்பவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். காலையில் தொட்டியின் விளக்கைப் போட்டபோது, பெரிய வாயும் சண்டைக் குணமும் உள்ள என் ஆஸ்கர் மீன் ஒரு மூலையில் தலையைச் சற்றே தாழ்த்தியபடி நின்றது. அதன் வாய் மூடவில்லை. வாயிலிருந்து, கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீனின் வால் இரண்டு விரற்கடை அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வால் இன்னும் அசைந்துகொண்டிருந்ததுதான் என்னால் மறக்க முடியாத காட்சி.

சக்கரின் இரண்டு மார்புத் துடுப்புகளிலும் முதுகுத் துடுப்பிலும் முன்புறமாக இருக்கும் முட்கள் ஒருமுறை விறைத்துப் பூட்டிக்கொண்டால் எளிதில் மடங்குவதில்லை. அந்த முட்கள் ஆஸ்கரின் தொண்டைக்குள் மூன்று பக்கமும் ஊன்றி நின்றன. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. வாலைப் பிடித்து இழுத்தால், பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் முட்கள் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும் என்பதால் இழுக்கவில்லை. ஈரத் துணியில் ஆஸ்கரைப் பொதிந்து, வீட்டில் ஒருவர் பிடித்துக்கொள்ள, கம்பி வெட்டும் சிறு குறடால் கண்ணுக்குத் தெரிந்த ஒரு முள்ளை அடியோடு நறுக்கினேன். அந்தப் பக்கம் தளர்ந்ததும் உடலை இலேசாகத் திருப்பி வெளியே எடுக்க முடிந்தது. சக்கர் பிழைக்கவில்லை. ஆஸ்கர் வாயோரம் கிழிந்து, பல நாட்கள் இரையைத் தொடாமல் இருந்து, பிறகு தேறியது.

இரண்டும் ஒரே அளவில் ஒன்றாகத் தொட்டிக்கு வந்தவை என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. நல்ல தீனி கிடைக்கும் இளம் ஆஸ்கர் தன் முதல் ஆண்டில் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் வளர்கிறது. சக்கர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே வாங்கிய அன்று சரியாக இருந்த பொருத்தம், எவருக்கும் தெரியாமல் மாதாமாதம் கெட்டுக்கொண்டே போகிறது. வேறு எவரேனும் இதைக் கண்டிருந்தால் எழுதுங்கள்.

பதிவு 2

விழுங்குவது மட்டுமே ஆபத்து என்று இதைப் படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. என்னுடையது ஃபிளவர்ஹார்ன், நெற்றி புடைத்த சண்டைக்கார மீன். அதன் வாய்க்குள் போகவே முடியாத அளவுக்குப் பெரிய சக்கரைத்தான் அதனுடன் விட்டேன். முதல் இரவு எந்தச் சத்தமும் இல்லை. விடிந்த பிறகுதான் தொடங்கியது.

சக்கர் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்தபோது அதன் முதுகுதான் தொட்டியின் உட்பக்கம் இருந்தது. முதுகு முழுவதும் எலும்புத் தகடுகள் என்பதால் ஃபிளவர்ஹார்ன் கொத்திய கொத்துகள் எதுவும் பலிக்கவில்லை. அது விட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். அது சற்றுப் பின்வாங்கி, நெற்றியால் பக்கவாட்டில் இடித்துச் சக்கரைக் கண்ணாடியிலிருந்து பெயர்த்தது. பெயர்ந்த சக்கர் மல்லாந்து கீழே இறங்கிய அந்த ஒரு நொடியில் வெளுத்த அடிவயிறு மேலே தெரிந்தது. அந்த இடத்தில் முதுகில் உள்ளதைப் போன்ற தடித்த தகடுகள் இல்லை. ஃபிளவர்ஹார்ன் அதற்காகவே காத்திருந்தது போல் அங்கேயே கொத்தியது. நான் தடுப்பை இறக்குவதற்குள் ஒரு கண்ணும் போய்விட்டது.

ஒற்றைக் கண்ணோடு அந்தச் சக்கர் வேறு தொட்டியில் இன்றும் நன்றாக இருக்கிறது. இரவில் தடவியும் சுவைத்தும் இரை தேடும் மீன் என்பதால் கண் இல்லாத குறை அதற்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் "அளவு சரியாக இருந்தால் போதும்" என்று எவராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

பதிவு 3

மேலே எழுதிய இருவரும் பெரிய மீனையே குற்றவாளியாகப் பார்க்கிறார்கள். நான் கண்டது நேர்மாறானது. என் ஆஸ்கரின் விலாவில் வட்டமான சிவந்த தழும்புகள் தோன்றின. முதலில் நோய் என்று எண்ணி நீரைச் சோதித்தேன். மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் துளியும் இல்லை. தழும்புகளின் வட்டம் எல்லாம் ஒரே அளவாக இருந்ததுதான் ஐயத்தைக் கிளப்பியது.

நள்ளிரவு கடந்து, கைவிளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆஸ்கர் அடித்தளத்தில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தது. சக்கர் அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு, கண்ணாடியில் பாசியைச் சுரண்டுவது போலவே உதடுகளை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தது. மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பான சளிப்படலத்தைத்தான் அது தின்றுகொண்டிருந்தது. அந்தப் படலம் போனால் கிருமியும் பூஞ்சையும் நுழைய வழி திறந்துவிடும். ஆஸ்கர் உதறியது. சக்கர் விலகி, சற்று நேரத்தில் மறுபக்கம் வந்து ஒட்டியது.

சக்கர் கொடிய மீன் என்று சொல்ல வரவில்லை. அது பட்டினி கிடந்தது. வளர்ந்த சக்கருக்குத் தொட்டியில் வளரும் பாசி ஒருவேளை உணவுக்குக்கூடக் காணாது. பெரிய மீனுக்குப் போடும் தீனியோ தரையைத் தொடுவதற்கு முன்பே காலியாகிவிடும். "தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்" என்ற பெயரைக் கொடுத்துவிட்டு அதற்குத் தனியாக எதுவும் போடாமல் இருப்பதுதான் இதற்கெல்லாம் வேர். முதல் பதிவர் தம் சக்கருக்கு இரவில் என்ன தீனி கொடுத்தார் என்பதை எழுதவே இல்லை. பசித்த சக்கர் ஆஸ்கரின் மேல் போய் ஒட்டியிருந்தால், அதன் பிறகு ஆஸ்கர் திரும்பிக் கவ்வியதில் வியப்பு என்ன?

பதிவு 4

என்னிடம் ஆஸ்கர் இணையும், சக்கரிலேயே சிறிய வகையான ஒரு முட்தாடிச் சக்கரும் சண்டையின்றி ஒன்றாக இருக்கின்றன. ஒரே ஒருமுறை பெரிய ஆஸ்கர் அதைக் கவ்வி உடனே துப்பியதைப் பார்த்தேன், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் தொட்டியின் அளவு. முழுதாக வளர்ந்த ஆஸ்கர் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். சாதாரணச் சக்கரும் 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. இரண்டும் சேர்ந்து இருக்க 300 லிட்டர்கூட இறுக்கமானதுதான். முட்தாடிச் சக்கர் 12 முதல் 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் என்பதால் இடம் மிச்சமாகும், ஆனால் அந்த அளவை எட்டிய பிறகே அதைப் பெரிய மீன்களோடு விட வேண்டும். ஓட்டோசிங்க்ளஸ் போன்ற நான்கு, ஐந்து சென்டிமீட்டர் மீன்களை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். அவை இரை மட்டுமே.

அடுத்தது விடும் முறை. கூடுமானால் பாசி தின்னும் மீனை முதலில் விட்டு, அது தன் மறைவிடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு சண்டைக்கார மீனை விட வேண்டும். பெரிய மீன் ஏற்கெனவே இருக்கிறதென்றால், கற்களையும் மரக்கட்டைகளையும் இடம் மாற்றி அடுக்கி, எல்லைகள் எல்லாம் குழம்பிய நிலையில், பெரிய மீனுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்த பிறகு புதியதை விட வேண்டும். இரண்டாம் பதிவில் வருவது போல முதல் இரவு அமைதியாகக் கழிவது இயல்பே. ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் போன்ற சிக்லிட் இன மீன்கள் பகலில் திரிபவை, ஆகவே சோதனை விடிந்த பிறகுதான் வரும். அந்த முதல் பகலில் அருகிலேயே இருங்கள்.

மறைவிடம் சக்கரின் உடலைவிடச் சற்றே பெரிதாக, இறுக்கமாக இருக்க வேண்டும். பி.வி.சி. குழாய்த் துண்டு நல்லது. தலையை உள்ளே வைத்துத் துடுப்பு முட்களை விரித்து ஊன்றிக்கொண்டால் எந்த மீனாலும் அதை வெளியே இழுக்க முடியாது, வெளியே தெரியும் வாலிலும் தகடுகள் இருக்கின்றன. உணவு, விளக்கணைத்து அரைமணி நேரம் கழித்து, மூழ்கும் பாசி வில்லையாக, குழாயின் வாய்க்கு அருகிலேயே போய்ச் சேர வேண்டும். வெள்ளரிக்காய்த் துண்டைக் கல்லில் கட்டி மூழ்கவைக்கலாம், காலையில் எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். முட்தாடிச் சக்கர் மரத்தைச் சுரண்டும் பழக்கமுள்ளது என்பதால் ஒரு மரக்கட்டை கட்டாயம் வேண்டும்.

சக்கரே நிறையக் கழிவு போடும் மீன் என்பதையும் மறக்கக் கூடாது. ஆஸ்கரின் கழிவோடு அதுவும் சேர்ந்தால் நைட்ரேட் ஏறும், நைட்ரேட்டும் நீண்ட நேர வெளிச்சமும் சேர்ந்தால் பாசி மேலும் வளரும். பாசியைக் குறைக்கத்தான் சக்கர் என்றால், வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவதும் விளக்கை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்துவதும் அதைவிட நன்றாக வேலை செய்யும். இன்னொன்று, சக்கரை வலையால் பிடிக்காதீர்கள். முட்கள் வலையில் சிக்கினால் துடுப்பு கிழியும். ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எதிரே வைத்து ஓட்டுவதே சரி.

பதிவு 5

நான்காம் பதிவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் "இறுக்கமான குழாய்" என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டு எவரும் சாதாரணச் சக்கருக்கு வைத்துவிட வேண்டாம். அவர் வளர்ப்பது முட்தாடிச் சக்கர், அது வளர்ந்து ஓர் அளவில் நின்றுவிடுகிறது. சாதாரணச் சக்கர் வளர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் பழகிய குழாயை விடாது.

எங்கள் தொட்டியில் ஜாகுவார் சிக்லிட் துரத்தியபோது சக்கர் தன் பழைய குழாய்க்குள் பாய்ந்தது. பாதி உடல் நுழைந்ததும் மார்புத் துடுப்புகளை விரித்துக்கொண்டது. பிறகு அதனால் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. ஜாகுவார் வெளியே நின்று வால் துடுப்பைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக்கொண்டிருந்தது. குழாயோடு சேர்த்துத் தூக்கி வேறு பாத்திரத்தில் வைத்து, நீரில் அமிழ்ந்தபடியே குழாயை மறுமுனையிலிருந்து சிறு வாளால் நீளவாக்கில் அறுத்தேன். உடலுக்கு அருகே வந்ததும் வாளை நிறுத்திவிட்டு, இரு கைகளாலும் பிளவை விரித்தபோது முட்கள் தாமாக மடங்கின. வால் துடுப்பு மெல்ல மீண்டும் வளர்ந்துவிட்டது.

ஆகவே குழாய் இரு பக்கமும் திறந்ததாக, மீன் வளர வளர மாற்றப்படுவதாக இருக்க வேண்டும். அளவு பார்க்காமல் ஒருமுறை வைத்துவிட்டுப் போகிற பொருள் அல்ல அது.

பதிவு 6

சுருக்கமாக என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். சக்கருக்குப் பதிலாக விரைந்து நீந்தும் பாசி தின்னி இருந்தால் தப்பித்துக்கொள்ளும் என்று சயாமிய இனம் ஒன்றைத் தேடினேன். அந்தப் பெயரில் கைக்கு வந்தது சீனப் பாசி தின்னி. சயாமிய இனத்தில் உடலின் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடும், மற்றதில் அப்படி ஓடாது. வாங்குவதற்கு முன் அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள்.

சீனப் பாசி தின்னி சிறிதாக இருந்தவரை பாசியைத் தின்றது. கையளவு ஆனதும் பாசியை விட்டுவிட்டு, கான்விக்ட் சிக்லிட் இணையைத் துரத்தி அவற்றின் மேல் ஒட்டத் தொடங்கியது. தங்கள் மூலைக்குள் எவரையும் விடாத அந்த இணை நீர்மட்டத்துக்கு அருகே ஒடுங்கி நின்றதைக் கண்டபோது என் கண்களை நம்ப முடியவில்லை. சீனப் பாசி தின்னியின் செவுளில் நீரை உள்ளிழுக்க மேற்புறமாகத் தனித் துளை இருக்கிறது. ஆகவே வாயை எடுக்காமலேயே மூச்சுவிட்டபடி நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருக்க அதனால் முடிகிறது. மூன்றாம் பதிவர் கண்டது பசியால் என்றால், நான் கண்டது வயிறு நிறைந்திருந்தும் நடந்தது.

பதிவு 7

மூன்றாம் பதிவருக்கும் ஆறாம் பதிவருக்கும் இடையே நான் ஒன்று சேர்க்க வேண்டும். பெரிய மீன் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எவரும் கேட்கவில்லை. என் கான்விக்ட் இணையும் முட்தாடிச் சக்கரும் நெடுங்காலம் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் வாழ்ந்தவை. பெண் மீன் கல்லின் அடியில் முட்டையிட்ட அன்றிலிருந்து எல்லாம் மாறியது. பகல் முழுவதும் இணை காவல் நின்றது. இருட்டியதும் அவற்றுக்குக் கண் தெரிவதில்லை, சக்கருக்கோ அதுதான் உலாவும் நேரம். காலையில் முட்டைகளில் பாதியைக் காணோம். சக்கர் வடிகட்டிக்குப் பின்னால் துடுப்புகள் எல்லாம் கிழிந்து, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடந்தது. ஆண் மீன் அந்த இடுக்கின் வாயிலேயே நின்றது. தீனி போட்டும் நகரவில்லை.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை எளிது. பெண் மீனின் முட்டையிடும் குழல் வெளியே தெரியத் தொடங்கி, இணை ஒரு கல்லைச் சுத்தம் செய்வதைக் கண்டதுமே, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் வலைத்தட்டைத் தொட்டியின் குறுக்கே இறக்கிச் சக்கரை மறுபக்கம் விட்டுவிடுகிறேன். நீர் இரு பக்கமும் ஓடும், பெரிய மீன்கள் கடக்க முடியாது. முட்டை பொரிக்க ஏறத்தாழ மூன்று நாட்கள், குஞ்சுகள் நீந்தத் தொடங்க மேலும் சில நாட்கள். ஆனால் அத்தோடு காவல் முடிவதில்லை. குஞ்சுகள் பெற்றோரை விட்டுப் பிரியும்வரை வாரக்கணக்கில் தட்டை எடுப்பதில்லை.

சக்கரைத் தனித் தொட்டிக்கே மாற்றிவிடலாமே என்று நான்காம் பதிவர் கேட்கக்கூடும். மாற்றிப் பார்த்தேன். திரும்பக் கொண்டுவந்தபோது இணை அதைப் புதிய மீனாகவே நடத்தியது, முதல் பகலின் சண்டை மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. தட்டின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரிந்தபடியே இருந்தால் அந்தச் சிக்கல் வருவதில்லை.