கிழக்குக் கடற்கரையில் அந்தி நேர ஜோடிப் படம்: வானமும் முகமும் சேர்ந்து வர என்ன வழி?

புது_ஷட்டர்:
தை முகூர்த்த ஜோடி ஒன்றுக்கு மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையில் அவுட்டோர் ஷூட் இருக்கிறது. பெண் அரக்குப் பட்டு, மாப்பிள்ளை பட்டு வேட்டி சட்டை. என்னிடம் ஃபுல் ஃப்ரேம் பாடி, 35, 85 லென்ஸ், கோடாக்ஸ் டிடி600 ஃப்ளாஷ் ஒன்று, அதைத் தள்ளி நின்று இயக்கும் ட்ரிக்கர், ஒளியை மென்மையாக்கும் 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ். உதவிக்கு ஒரு பையன். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெளுத்துவிடுகிறது, வானத்துக்கு வைத்தால் முகம் கருக்கிறது, ஃப்ளாஷ் அடித்தால் ஆட்களை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது, எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது?

ஐஎஸ்ஓ6400:
முதலில் திசை. நம் கடற்கரையில் சூரியன் கடலில் மறையாது, முதுகுக்குப் பின்னால் சவுக்குத்தோப்பில்தான் இறங்கும். கோவாவில் எடுத்த படங்களைக் காட்டி "இதுபோல வேண்டும்" என்று கேட்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தை பிறக்கும்போது சென்னைப் பக்கம் அஸ்தமனம் 6 மணியை ஒட்டி, மாசி நெருங்கும்போது கால் மணி தள்ளி. அதற்குப் பிறகு பயன்படும் வெளிச்சம் 22, 23 நிமிடம்தான். லண்டனில் ஜூன் மாதம் இதே அந்தி முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீளும். யூடியூபில் வெள்ளைக்காரர் நிதானமாக லென்ஸ் மாற்றுவதைப் பார்த்து இங்கே அப்படிச் செய்தால், மாற்றி முடிப்பதற்குள் இருட்டிவிடும். போஸ், நிற்கும் இடம் எல்லாம் 5.30க்குள் முடிவாகியிருக்க வேண்டும்.

அஸ்தமனத்துக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் பின்பு வரை கேமரா கடலைப் பார்க்கட்டும், ஜோடி கரையைப் பார்க்கட்டும். மேற்கு வானம் முழுவதும் பெரிய சாஃப்ட்பாக்ஸாக முகத்தில் விழும். பின்னால் கடல்மேல் சாம்பல் நீலப் பட்டை (அது பூமியின் நிழல்), அதற்குமேல் ரோஜா நிறப் பட்டை. வானம் தெளிவாக இருந்தால் இதற்கு ஃப்ளாஷே வேண்டாம். நிழல் மேலேறி ரோஜா மங்கியதும் கேமராவைத் திருப்பி மேற்கே வையுங்கள். உங்கள் ஃப்ளாஷுக்கு வேலை அங்கேதான்.

அரைஸ்டாப்:
வெட்டி ஒட்டியதுபோல் வருவதற்குக் காரணம் இரண்டு: ஃப்ளாஷ் கூடுதல், நிறம் வேறு. வானம் ஆரஞ்சாக இருக்கும்போது முகத்தில் மட்டும் நண்பகல் வெள்ளை விழுந்தால் கண் நம்பாது. ஃப்ளாஷ் தலையில் பாதி சிடிஓ ஜெல் (ஒளியை ஆரஞ்சாக்கும் வண்ணத்தாள்) ஒட்டி, கேமராவின் நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை 4500 கெல்வினில் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். வானம் முழு நீலமானதும் முழு ஜெல்லுக்கு மாறி 3200 வையுங்கள், நீலம் இன்னும் ஆழமாகும். ரோஜா இருக்கும்போதே 3200 வைத்தால் அந்த ரோஜாவைக் கொன்றுவிடுவீர்கள்.

எக்ஸ்போஷர்: ஃப்ளாஷை அணைத்துவிட்டு வானம் ஒரு ஸ்டாப் (அதாவது ஒளி பாதி) குறைவாக வரும்படி முதலில் அமையுங்கள். பிறகுதான் ஃப்ளாஷ். சாஃப்ட்பாக்ஸ் ஒன்றரை மீட்டரில் இருந்தால் எஃப்2.8, 1/200, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் பவர் முழுவதில் 1/16 என்று தொடங்கலாம். இருட்ட இருட்ட ஐஎஸ்ஓவைத்தான் ஏற்றுவீர்கள், அப்போது ஃப்ளாஷும் சேர்ந்து ஏறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 200லிருந்து 1600க்குப் போனால் மூன்று ஸ்டாப், பவரை 1/128க்கு இறக்க வேண்டும். டிடி600ல் அதற்குக் கீழே கிடையாது. அப்போதும் கூடுதலாக இருந்தால் பையனை ஓரடி பின்னால் போகச் சொல்லுங்கள். முழு ஜெல் பாதி ஜெல்லைவிட அரை ஸ்டாப் கூடுதலாக விழுங்குவது அந்த நேரத்தில் வசதிதான்.

ஷட்டரை 1/100 நொடியைவிட மெதுவாக விடாதீர்கள். முந்தானை காற்றில் பறக்கும்போது பின்னால் இருக்கும் வானம் ஓரத்தில் கசிந்து ஆவி மாதிரி இரட்டை உருவம் வரும். ஹைஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் அடிக்கும் வசதி) இந்த வெளிச்சத்துக்குத் தேவையே இல்லை, பவர்தான் வீண்.

ஜரிகைக்_கரை:
மேலே சொன்னதெல்லாம் சரி. நான் துணியைப் பற்றி மட்டும். பட்டு வேட்டிதான் படத்திலேயே முதலில் வெளுக்கும் இடம். சாஃப்ட்பாக்ஸைத் தலைக்கு மேல் உயர்த்தி, அதன் நடுப்பகுதி நெற்றிக்கு மேலே போகும்படி சற்று நிமிர்த்திப் பிடித்தால் முகத்துக்கு ஓர ஒளி விழும், வேட்டிக்குக் குறையும். அரக்குப் பட்டில் சிவப்பு சேனல் தனியாக நிரம்பி மடிப்பெல்லாம் ஒரே திட்டாகிவிடும். கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டாது, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஆன் செய்யுங்கள்.

85ஐ எஃப்1.8ல் வைத்தால் மூன்று மீட்டரில் ஃபோகஸ் ஆழம் 13 செ.மீ.தான். அவர் தோளுக்குப் பின்னால் இவர் நின்றால் ஒருவர் கண் போய்விடும். எஃப்2.8ல் 20 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். அணைத்து நிற்கும் போஸுக்கு இதுவே குறைந்தபட்சம் என்பேன்.

புது_ஷட்டர்:
நன்றி அண்ணா, மூவருக்கும். காற்றுக்கு ஸ்டாண்ட் நிற்குமா? கோயில் பின்னணியில் தெரிய வேண்டும் என்கிறார்கள்.

ஐஎஸ்ஓ6400:
மணலில் ஸ்டாண்டை நம்பாதீர்கள் தம்பி. மோனோபாடில் மாட்டிப் பையன் கையிலேயே இருக்கட்டும். கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள் ட்ரைபாட், லைட் எல்லாம் கொண்டுபோக தொல்லியல் துறை அனுமதி வேண்டும். வெளியே மணலிலிருந்தே 85ல் பின்னணியாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஏசி காரிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும், துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். பையோடு அரை மணி முன்பே வெளியே வைத்துவிடுங்கள். உப்புத்துளி பட்டால் முதலில் ப்ளோயர், அப்புறம்தான் துணி.